நாக்கால் எடுத்த பதினைந்து படங்கள்

புகைப்படக்காரனுக்குக் கால் ஆடும். உட்கார்ந்தால் வலது கால், நின்றால் இடது குதிகால், படுத்தால் இரண்டும். கல்யாணமான புதிதில் மனைவி அதைக் கொஞ்ச நாள் ரசித்தாள். பிறகு சாப்பாட்டு மேசைக்கு அடியில் மடித்த அட்டையை வைத்தாள். இப்போது தன் கணினியையே எதிர்ச் சுவருக்கு மாற்றிக்கொண்டுவிட்டாள். அவன் எடுக்கிற படங்களைச் சரிசெய்வது அவள் வேலை. ஊரார் முகத்திலிருக்கும் பரு, எண்ணெய் எல்லாவற்றையும் அழிக்கத் தெரிந்தும் இந்தக் காலை அழிக்க வழி தெரியவில்லை என்பதில் அவளுக்கு நிரந்தர வருத்தம்.

காலுக்குத்தான் மருந்து இல்லை, கைக்கு இருந்தது. அவனிடம் இருந்த சின்ன கேமராதான் அந்த மருந்து. அதன் உள்ளே படத்தை வாங்கிக்கொள்ளும் சென்சார் கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிது, அவ்வளவுதான். தொழிலில் இருப்பவர்கள் ஃபுல் ஃப்ரேம் என்று குரலைத் தாழ்த்திச் சொல்லும் பெரிய கேமராக்களில் அது ஏறக்குறைய தீப்பெட்டி அளவு இருக்கும். பரப்பில் இவனுடையது நாலில் ஒரு பங்கு. ஆனால் அந்த நாலில் ஒரு பங்கு உள்ளுக்குள் மிதந்துகொண்டு, அவன் கை இந்தப் பக்கம் நடுங்கினால் அந்தப் பக்கம் நகர்ந்து, நடுக்கத்தை அப்படியே விழுங்கிவிடும். வீட்டில் அவனை இவ்வளவு அனுசரித்துப் போகிற பொருள் வேறு எதுவும் இல்லை.

அந்தக் கேமராவை மச்சான், அதாவது மனைவியின் அண்ணன், சோப்பு டப்பா என்பான். மச்சான் கல்யாணங்களுக்குப் படம் எடுப்பவன். தோளுக்கு ஒன்றாக இரண்டு பெரிய கேமராக்களைத் தொங்கவிட்டுக்கொண்டு வாசலில் பக்கவாட்டாகத் திரும்பித்தான் நுழைவான்.

"இன்னிக்கு எத்தனை பேர குளிப்பாட்டின மாப்ள?" என்பதுதான் அவனுடைய நலம் விசாரிப்பு.

இந்த நிலையில்தான் இன்சூரன்ஸ் கம்பெனியின் வேலை வந்தது. தலைமை அலுவலகத்தில் பதினாலு துறைத் தலைவர்கள், ஒரு சேர்மன். பதினைந்து உருவப்படங்கள். சேர்மன் அறைக்குப் போகும் நடைபாதையில் மாட்ட வேண்டும். சரியாக அமைந்தால் பதினொரு கிளைகளுக்கும் இவனே படம் எடுக்கலாம். அமையாவிட்டால் என்ன என்பதையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை வாக்குவாதத்தில் அவனே முடிவு செய்து வைத்திருந்தான்.

"இதுவும் கைவிட்டுப் போச்சுன்னா சோப்பு டப்பாவ வித்துட்டு எங்கூட வந்துடு மாப்ள. மூணாவது கேமராவுக்கு ஆள் வேணும்" என்று மச்சான் சொல்ல, கோபத்தில் இவன், "சரி மச்சான்" என்றுவிட்டான். மூணாவது கேமரா என்றால் பந்தியில் சாப்பிடுகிறவர்களைப் படம் எடுப்பது. வாய் திறந்திருக்கும்போது எடுத்தால் பெண் வீட்டார் திட்டுவார்கள், மூடியிருக்கும்போது எடுத்தால் சாப்பாடு சரியில்லையா என்று மாப்பிள்ளை வீட்டார் கேட்பார்கள்.

இடத்தைப் பார்க்கப் போன அன்று அட்மின் மேடம் அவனை நடைபாதையில் நடக்க வைத்தே பேசினார். ஐம்பது வயது. சிரிப்பதற்கு முன் அதற்கு அனுமதி கிடைத்திருக்கிறதா என்று யோசிக்கிற முகம். கையில் வேலை ஆணை. "பதினைந்து உருவப்படங்கள், ஃபுல் ஃப்ரேமில், வெள்ளிக்கிழமைக்குள் ஒப்படைக்கப்பட வேண்டும்" என்று அதில் அச்சாகியிருந்தது.

"ஒண்ணு மட்டும் முன்னாடியே சொல்லிடறேன். எல்லாம் ஃபுல் ஃப்ரேமா இருக்கணும். போன தடவை வந்தவர் அரைகுறையா குடுத்துட்டுப் போயிட்டார். திட்டு வாங்கினது நான்."

புகைப்படக்காரன் சுவரைப் பார்த்தான். பழைய தலைவர்கள் எட்டுப் பேர் வரிசையாகத் தொங்கினார்கள். எட்டுப் படத்துக்கும் கீழ்ப்பக்கத்துச் சட்டம் இல்லை. கண்ணாடி நழுவாமல் இருக்க டேப் ஒட்டியிருந்தது. இவன் முகங்களைப் பார்க்கிற தொழில் செய்பவன் ஆதலால் முகங்களைத்தான் பார்த்தான். இரண்டாவது ஆளின் மூக்கு நிழல் உதட்டில் மீசை மாதிரி விழுந்திருந்தது. ஐந்தாமவருக்குக் காதே தெளிவில்லை. இவ்வளவு நுணுக்கமாகக் கேமராவைப் பற்றி விசாரிக்கிற ஓர் அலுவலகமா என்று அவன் மலைத்தான்.

"ஃபுல் ஃப்ரேம்தானே சார்?"

"ஃபுல் ஃப்ரேம்தான் மேடம்" என்றது வாய். அவனைக் கேட்டுக்கொண்டு அது பேசவில்லை.

வீட்டுக்கு வந்ததும் இடது குதிகால் தொடங்கிவிட்டது.

"போன் போட்டு உள்ளதச் சொல்லிடுங்க" என்றாள் மனைவி, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். யாரோ ஒரு மாப்பிள்ளையின் இரட்டைத் தாடையை ஒற்றையாக்கிக்கொண்டிருந்தாள். "சின்ன சென்சார்ல முகம் நல்லா வரும்னு எனக்குத் தெரியுது. அவங்களுக்கும் தெரியட்டும்."

"உனக்குத் தெரியும். அவங்க ஆர்டர்லயே போட்டிருக்காங்க. எழுத்துல இருக்கு."

"எழுத்துல ஆயிரம் இருக்கும்."

"உங்க அண்ணன் கிட்ட ஒரு வார்த்தை கேட்டுப் பாக்கவா?"

அவள் இப்போது திரும்பினாள். "நீங்களா? அண்ணன் கிட்டயா? அவ்வளவு முத்திப் போச்சா?"

முத்தித்தான் போயிருந்தது. மச்சானின் நல்ல கேமராக்கள் இரண்டும் முகூர்த்தத்துக்குப் போயிருந்தன. கடையின் பின்னறையில், ஆல்பங்களுக்கும் படச் சட்டங்களுக்கும் மரம் அறுக்கிற மேசைக்கு மேல், ஒரு மூன்றாவது இருந்தது. ஷட்டர் எரிந்துபோனது. பொத்தானை அழுத்தினால் ஒன்றும் நடக்காது. ஆனால் அதனுடன் இருந்த லென்ஸின் வாயில் ஒரு சாத்துக்குடியை வைக்கலாம்.

"எடுத்துட்டுப் போ" என்றான் மச்சான். "நம்ம பெரியப்பா மாதிரின்னு வெச்சுக்கோ. வேலைன்னு ஒண்ணும் கிடையாது. ஆனா சபையில கொண்டுபோய் உக்கார வெச்சா ஒரு கம்பீரம்."

"இத வெச்சு எப்படி மச்சான் படம் எடுக்கறது?"

"யாரு எடுக்கச் சொன்னா? சும்மா ஸ்டாண்டுல நிக்க வை. வேலைய உன் சோப்பு டப்பாவுல பாத்துக்கோ. ஃப்ளாஷ் ரிமோட்டு பாக்கெட்டுல இருக்கட்டும், அழுத்தினா பளிச்சுனு ஆயிடும். மத்தவங்களுக்கு என்ன தெரியும்?"

"சத்தம்? ஷட்டர் சத்தம் வராதே."

மச்சான் சற்று யோசித்தான். பிறகு நாக்கை மேலண்ணத்தில் ஒட்டி எடுத்து, "டக்" என்றான். தொழிலில் இருபது வருஷம் இருந்தவனின் "டக்". அசலைவிட நன்றாக இருந்தது.

செவ்வாய்க்கிழமை கூட்ட அறையில் கடை விரித்தான். நீள மேசையை ஓரமாகத் தள்ளினான். நாற்காலியைச் சுவரிலிருந்து எட்டடி தள்ளிப் போட்டான். சின்ன சென்சாருக்குப் பின்னணி சுலபத்தில் கரையாது, ஆளைச் சுவரை விட்டுப் பிரித்தால்தான் சுவர் சற்று மங்கி ஒதுங்கும். ஜன்னல் வெளிச்சம் ஒரு பக்கம், குடை போட்ட ஃப்ளாஷ் மறுபக்கம். நடுவில் ட்ரைபாடின் உச்சியில் செத்த கேமரா, அறையையே தான்தான் வாடகைக்கு எடுத்த மாதிரி.

முதலில் வந்தவர் கணக்குப் பிரிவின் தலைவர். பெரிய கேமராவைப் பார்த்ததும் வயிற்றை உள்ளே இழுத்து, மூச்சை அங்கேயே பூட்டிவிட்டார்.

"இருங்க சார், இன்னும் ஆரம்பிக்கல" என்றான் புகைப்படக்காரன், சின்ன கேமராவைக் கையில் எடுத்தபடி. "இது சும்மா டெஸ்ட். வெளிச்சம் பாக்கறேன். நீங்க பாட்டுக்கு இருங்க."

பூட்டு திறந்தது. கணக்குத் தலைவர் மூச்சு விட்டார், வயிறு தன் இடத்துக்குத் திரும்பியது, முகமும் கூடவே திரும்பியது. "இந்த நாற்காலி மட்டும் ஏன் இப்படிக் கிறீச்சுங்குது? வாங்கின பில் என் கிட்டத்தான் வந்துது" என்று அவர் புருவத்தை உயர்த்தியபோது இவன் எட்டுப் படம் எடுத்துவிட்டான். கண் இரண்டும் கூர்மை. காதுகளும் முகத்தோடேயே இருந்தன. இந்தக் கேமராவில் அது ஒரு சௌகரியம். லென்ஸை முழுக்கத் திறந்து வைத்தாலும் மூக்குக்கு மட்டும் விசுவாசமாக இருந்துவிட்டுக் காதை மறக்காது.

"இப்ப நிஜம் சார்."

உடனே வயிறு உள்ளே, மூச்சு பூட்டு, கண்ணில் மரண பயம். பாக்கெட்டில் ரிமோட், பளிச். வாயில் நாக்கு, டக்.

"ரொம்ப நல்லா வந்திருக்கு" என்றான் செத்த கேமராவின் கறுத்த திரையைப் பார்த்து.

இப்படியே பதினாலு பேர். பதினாலு பேரும் டெஸ்டுக்கு மனுஷர்களாக இருந்துவிட்டு நிஜத்துக்குச் சிலைகளானார்கள். பத்தாவது ஆளுக்குள் நாக்கு மரத்துவிட்டது, பதினோராவது ஆளுக்கு "டக்" வராமல் "தக்" வந்தது. ஓரத்தில் நின்ற அட்மின் மேடம் நிமிர்ந்து பார்த்தார். இவன் இருமினான். அவர் குறிப்பேட்டில் ஏதோ எழுதிக்கொண்டார். அதன் பிறகு இவன் குதிகால் தரையில் நிற்கவே இல்லை.

கடைசியாகச் சேர்மன். உயரம், வெள்ளை முடி, சட்டைப் பை, கால்சட்டைப் பை எல்லாவற்றையும் தடவிக்கொண்டே வந்தார். "என் கண்ணாடி எங்கம்மா? இப்பத்தான் வெச்சேன்."

"தலையில சார்" என்றார் மேடம்.

சேர்மன் தலையைத் தொட்டார். தான் கையும் களவுமாகப் பிடிபட்டதில் அவருக்கு ஒரு சிரிப்பு வந்தது. கண் சுருங்கி, ஒரு பக்கத்துக் கன்னம் மட்டும் ஏறி, அரை நொடியில் அடங்கிவிட்ட சிரிப்பு. அரை நொடி போதும். சின்ன கேமரா சத்தமில்லாமல் அதை வாங்கி வைத்துக்கொண்டது.

பிறகு நிஜம். சேர்மன் நாற்காலியை நகர்த்திவிட்டு எழுந்து நின்றார். அதன் முதுகில் ஒரு கை வைத்தார். முகவாயை உயர்த்தினார், இன்னும் உயர்த்தினார், அறையின் விளக்கைப் பார்க்கிற அளவுக்கு உயர்த்தி நிறுத்தினார். பளிச். தக்.

அன்று மாலை மனைவி படங்களைத் திரையில் திறந்தாள். ஒவ்வொன்றையும் கண் வரைக்கும் பெரிதாக்கினாள். இமை முடியை எண்ணலாம் போலிருந்தது. சேர்மன் படத்துக்கு வந்ததும் சுட்டியிலிருந்து கையை எடுத்துவிட்டாள்.

"இதுல நான் ஒண்ணும் பண்ணப் போறதில்ல" என்றாள். அவளிடமிருந்து அவன் இதுவரை வாங்கிய பாராட்டுகளில் இதுதான் நீளமானது.

அவன் கால் ஏழு நிமிஷம் ஆடவில்லை. எட்டாவது நிமிஷத்தில் பதினைந்து படங்களையும் அனுப்பிவிட்டான். மறுநாள் காலை பத்து மணிக்குப் போன் வந்தது.

"எல்லாம் நல்லா இருக்கு" என்றார் அட்மின் மேடம். "சேர்மனோடது மட்டும் மாத்தணும். அவருக்கு நாற்காலி மேல கை வெச்சு நின்ன போஸ்தான் வேணுமாம். அந்தப் பெரிய கேமராவுல எடுத்தது. அத அனுப்பிடுங்க."

"அது மேடம், அதுல கண்ணு லேசா மூடியிருக்கும்."

"பரவாயில்லையாம். அனுப்புங்க."

போனை வைத்துவிட்டு அவன் அறையை நாலு தரம் அளந்தான். உலகத்தில் இல்லாத ஒரு படத்தை அனுப்ப வேண்டும். மனைவி கேட்காமலேயே முயன்று பார்த்தாள். சிரிக்கிற சேர்மனின் முகவாயை மென்பொருளில் பிடித்து மேலே இழுத்தாள். கழுத்து நீண்டது. இன்னும் கொஞ்சம் இழுத்ததில் சேர்மன் மீன் தேடும் கொக்கானார்.

"வேணாம், விடு."

"அப்ப போய்ச் சொல்லுங்க."

"சொன்னா வேலை போயிடும். வேலை போனா பந்தி."

"சொல்லலேன்னா மட்டும் அந்தப் படம் எங்கேர்ந்து வரும்? நாக்குலயா?"

அவன் சட்டையை மாட்டிக்கொண்டு அலுவலகத்துக்குக் கிளம்பினான். போகிற வழியில் மச்சானிடம் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று செத்த கேமராவையும் தன் கேமரா, ட்ரைபாடு இருந்த பையில் போட்டுக்கொண்டான். கடை வாசலில் நிற்காமல் நேராக அலுவலகத்துக்குப் போனான். நின்றிருந்தால் உள்ளே போய் மூணாவது கேமராவுக்குச் சரி சொல்லியிருப்பான்.

அட்மின் மேடத்தின் மேசை முன் அவன் உட்காரவில்லை. உட்கார்ந்தால் மேசை ஆடும்.

"மேடம், அந்தப் படம் இல்ல. அந்தப் பெரிய கேமரா செத்துப் போனது. எல்லாமே இந்தச் சின்னதுலதான் எடுத்தேன். இது ஃபுல் ஃப்ரேம் இல்ல. நான் அன்னைக்குப் பொய் சொல்லிட்டேன்."

மேடம் பேனாவை மூடினார்.

"இந்த சீட்டுக்கு வர்றதுக்கு முன்னாடி க்ளெய்ம் பிரிவுல பதினாறு வருஷம் இருந்தேன்" என்றார். "எரியாத கடைக்குத் தீ விபத்துன்னு வந்து நின்னவங்களப் பாத்திருக்கேன். காணாமப் போன காரிலயே வந்து இறங்கினவரப் பாத்திருக்கேன். நாக்கால போட்டோ எடுக்கறவர செவ்வாய்க்கிழமதான் பாத்தேன்."

"அப்பவே தெரியுமா? ஏன் மேடம் சொல்லல?"

"நீங்க நிஜம்னு சொன்னதும் பதினாலு டிபார்ட்மென்ட் ஹெட்டும் வாயத் தொறக்காம உக்காந்திருந்தாங்க. எனக்கு அது அடிக்கடி கெடைக்கறதில்ல." குறிப்பேட்டைத் திறந்து ஒரு பக்கத்தைப் பார்த்தார். "சரி, எந்தக் கேமராவுல எடுத்தா எனக்கென்ன? ஃபுல் ஃப்ரேம் எங்க?"

"அதான் மேடம் சொல்றேன், இது ஃபுல் ஃப்ரேம் இல்ல."

"எது இல்ல?"

"கேமரா."

"கேமராவ யாருங்க கேட்டா?" மேடம் எழுந்து அவனை நடைபாதைக்கு அழைத்துப் போனார். டேப் ஒட்டிய எட்டுத் தலைவர்களில் முதலாமவரின் அடிப்பக்கத்தைப் பேனாவால் தட்டினார். "போன தடவை வந்தவர் மூணு பக்கம்தான் சட்டம் போட்டார். கீழ்ப்பக்கம் அப்பறம் வரும்னார். ஆறு வருஷமாச்சு. அதனாலதான் ஆர்டர்லயே தெளிவா ஃபுல் ஃப்ரேம்னு போட வெச்சேன். நாலு பக்கமும்."

புகைப்படக்காரன் கீழ்ச் சட்டம் இல்லாத இடத்தைப் பார்த்தான். முன்பும் பார்த்ததுதான். ஒரு பெரிய பாரம் தோளிலிருந்து இறங்கிக் காலில் விழுந்த மாதிரி இருந்தது, ஏனென்றால் அவனிடம் ஒரு பக்கத்துச் சட்டம்கூட இல்லை. நாளை மறுநாள் வெள்ளிக்கிழமை.

"போட்டுத் தர்றேன் மேடம்."

"போடுங்க. மொதல்ல சேர்மனப் பாருங்க. அவர் கிட்ட நீங்களே சொல்லுங்க. எனக்குச் சிரிப்பு வந்துடும்."

சேர்மன் அறையில் கம்பளம் விரித்திருந்தது. குதிகாலின் சத்தம் வெளியே வராது என்பது ஒன்றுதான் ஆறுதல். அவன் எல்லாவற்றையும் மறுபடி சொன்னான். சேர்மன் கண்ணாடியைக் கழற்றினார்.

"அன்னைக்கு டக்குனு சத்தம் வந்துதே."

"அது நான் சார்."

"நீங்களா?"

"நாக்கு சார்."

சேர்மன் கொஞ்ச நேரம் அவன் வாயைப் பார்த்தார். "பண்ணிக் காட்டுங்க."

வேறு வழியில்லை. நாக்கு ஒரு ராத்திரி ஓய்வெடுத்திருந்ததால் நல்லதொரு "டக்" வந்தது. சேர்மன் பாட்டுக் கச்சேரியில் முன்வரிசையில் இருப்பவரைப் போலத் தலையை லேசாக ஆட்டினார்.

"நல்லாத்தான் இருக்கு" என்றார். "அப்ப நான் நாற்காலியப் புடிச்சிட்டு நின்னதெல்லாம்?"

"வீண் சார். ஆனா டெஸ்ட்னு சொல்லி எடுத்தேன் பாருங்க, அதுதான் நெஜம்." கேமராவின் திரையில் அந்தச் சிரிப்பைக் காட்டினான். "மூணடி உயரத்துக்குக்கூடத் தாராளமா அச்சடிக்கலாம். இந்தப் புருவத்தப் பாருங்க, ஒவ்வொரு முடியா நிக்குது."

சேர்மன் நெடுநேரம் பார்த்தார். புகைப்படக்காரனின் குதிகால் கம்பளத்தைத் தைத்துக்கொண்டிருந்தது. இதைப் பார்த்த பிறகு ஒரு மனிதன் வேறொன்றைக் கேட்க முடியாது என்று அவன் நம்பினான்.

"இதுல எங்க தம்பி மாதிரி இருக்கேன்" என்றார் சேர்மன். "அவன் எப்பவும் இப்படித்தான் சிரிச்சிட்டே இருப்பான். எந்த வேலையிலயும் நிலைக்கல. இத நடைபாதையில மாட்டினா யாரு பிரீமியம் கட்டுவாங்க?" கேமராவைத் திருப்பிக் கொடுத்தார். "நாற்காலி போஸ் எடுங்க. பெரிசக் கொண்டாந்திருக்கீங்களா?"

"இருக்கு சார், பையில. ஆனா அது வேலை செய்யாதே."

"செய்ய வேண்டாம். முன்னால இருந்தாப் போதும். அந்தச் சின்னதப் பாத்தா எனக்கு நிமிரவே வரல."

ஆகவே செத்த கேமரா மறுபடி ட்ரைபாடில் ஏறியது. ஃப்ளாஷ் செருகும் அதன் உச்சந்தலையில் ஒரு சின்ன கவ்வியைப் பொருத்தி, அதன் மேல் புகைப்படக்காரன் தன் கேமராவைத் திருகினான். யானை மேல் குருவி. சேர்மன் யானையின் கண்ணைப் பார்த்து முகவாயை உயர்த்தினார். குருவி படம் எடுத்தது. பழக்கதோஷத்தில் இவனும் "டக்" என்றான்.

படத்தில் சேர்மன் தன் கண்ணாடியை உத்தரத்தில் தேடுகிறவர் போலிருந்தார். அவருக்கு மிகவும் பிடித்துவிட்டது. கதவு வரைக்கும் வந்து வழியனுப்பினார். கைப்பிடியில் கையை வைத்துக்கொண்டு, "அந்தத் தம்பி படம் இருக்கே, அத அழிச்சிட வேண்டாம். என் போனுக்கு அனுப்புங்க. வீட்டுல காட்டணும்" என்று மெதுவாகச் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார்.

அட்மின் மேடம் வெளியே காத்திருந்தார். "கிளைகளுக்கு அடுத்த மாசம் போகணும். பதினொண்ணுக்கும். வெள்ளிக்கிழமை நாலு பக்கமும் வந்துதுன்னா."

"வந்துடும் மேடம்."

"அந்தச் செத்ததையும் கண்டிப்பா எடுத்துட்டு வாங்க. அது இல்லேன்னா உங்க டெஸ்ட்ட யாரும் டெஸ்ட்னு நம்ப மாட்டாங்க." இந்தத் தடவை அனுமதி கிடைத்துவிட்டது போல, சிரித்தார்.

தெருவுக்கு வந்ததும் போனை எடுத்தான். ஒரு தூணில் சாய்ந்தான், நிமிர்ந்தான், நடந்தான், திரும்பி அதே தூணுக்கு வந்தான். சட்டத்துக்கு மரம் அறுக்கிற மேசை அவனுக்குத் தெரிந்து ஒரே இடத்தில்தான் இருக்கிறது. அங்கே மச்சான் இருக்கிறான்.

"என்ன மாப்ள, சோப்பு கரைஞ்சிடுச்சா?"

"இல்ல மச்சான். கேமராவ விக்கல. பந்திக்கும் வரல." அவன் கால் நடைபாதைக் கல்லைத் தட்டிக்கொண்டே இருந்தது. "ஆனா ஃபுல் ஃப்ரேம் வேணும்."

மறுமுனையில் நாற்காலி பின்னால் சாயும் சத்தம். இந்த நாளுக்காகத்தான் மச்சான் இத்தனை வருஷம் காத்திருந்தான். "வந்தியா வழிக்கு. நான் அன்னிலேர்ந்து சொல்றேன், சின்ன சென்சார்லாம் தொழிலுக்கு ஆகாதுன்னு. சரி, எத்தனை நாளைக்கு வேணும்?"

"நிரந்தரமா வேணும். பதினஞ்சு."

"பதினஞ்சா?"

"மூணடிக்கு ரெண்டடி. தேக்கு இல்லேன்னாலும் பரவாயில்ல. வெள்ளிக்கிழமை காலைக்குள்ள. நாலு பக்கமும் இருக்கணும் மச்சான், கீழ்ப்பக்கம் முக்கியம்."

சாய்ந்த நாற்காலி முன்னால் வந்து விழும் சத்தம் கேட்டது.

"மாப்ள," என்றான் மச்சான், முதல் முறையாகச் சோப்பையெல்லாம் மறந்துவிட்டு, "நீ இப்ப எதப் பத்திப் பேசற?"